மோகனம் ஒலிக்கும் ஆறாம் வகுப்பு

வகுப்பறையில் பிள்ளைகளுக்கு நல்ல இசை போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லாத ஆசிரியர் எங்கள் ஒன்றியத்தில் அநேகமாக இல்லை. பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் சேர்ந்து வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன். தேர்தல் பணிக்குப் போன வாக்குச்சாவடியில், பெட்டிக்கு முத்திரை வைத்த பிறகு கிடைத்த ஓய்வில்கூட இதைத்தான் பேசினேன். இப்போது உங்களிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. கணக்கும் தமிழும் எடுக்கிறேன். முறையாகப் பாட்டுக் கற்றவள் இல்லை, கேட்டே வளர்ந்தவள். எங்கள் வகுப்பில் பீரோவின்மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டி எங்கள் நாட்களை மாற்றியிருக்கிற விதம் இருக்கிறதே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இதற்கு விதை போட்டது காலை வழிபாடு. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் நாளை ஒரு ராகத்தோடுதான் தொடங்குகிறது. யாரும் அதை ராகம் என்று சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் பாடல் 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஆனது. எம்.எஸ். விஸ்வநாதன் அதற்கு மெட்டுப் போட்டார். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணி என்கிற மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று விளக்கமாகவே சொன்னது. அந்த அரசாணையை ஆசிரியர் அறையில் படித்தபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்கு மோகனம் ஏற்கெனவே தெரியும்! ஒன்றாம் வகுப்பிலிருந்து நாள் தவறாமல் பாடி, அது அவர்கள் தொண்டையிலேயே குடியிருக்கிறது. வழிபாடு முடிந்து வரிசையாக வகுப்புக்குள் வரும்போது அந்த ராகத்தை ஏன் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்?

வருகைப் பதிவு எடுக்கிற நேரத்துக்கு என். ரமணியின் குழலில் மோகனத்தை ஒலிக்க விட்டேன். மெல்லிய ஒலியில்தான். அதற்கு முன்னால் அந்த நேரம் எப்படியிருக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பென்சில் காணோம், இவன் கிள்ளினான், அவள் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், தண்ணீர் குடிக்கப் போகட்டுமா, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். குழல் கேட்கத் தொடங்கியதும் பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த இசைக்கு மேலே கத்த அவர்களுக்கே மனம் வரவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் நான் ஸ்பீக்கரைத் தொடும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், இன்னும் போடலையே டீச்சர்" என்றாள். அந்தக் குரலில் இருந்த உரிமையைக் கேட்க வேண்டுமே! அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

மோகனம் ஏன் இப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது அதன்மேல் எனக்கிருந்த காதல் இன்னும் கூடிவிட்டது. அதில் ஐந்தே சுரங்கள்: ச, ரி, க, ப, த. ம-வும் நி-யும் கிடையாது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் ஒன்றையொன்று உரசி முட்டிக்கொள்கிற நெருக்கமான சுரங்களே ராகத்தில் இருக்காது. எந்தச் சுரத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் இனிக்கும். பத்துப் பிள்ளைகள் பத்து விதமாக முனகினாலும் காது கூசாது. பழந்தமிழர் முல்லைப் பண் என்று கொண்டாடிய இந்த ஐந்து சுர வரிசை சீனத்திலும் இருக்கிறது, ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. ஜெர்மனியில் கார்ல் ஆர்ஃப் என்ற இசையமைப்பாளர் குழந்தைகளுக்கான இசைக் கல்வி முறை ஒன்றை உருவாக்கினார். தட்டி வாசிக்கிற சைலஃபோனைச் சிறுவர் கையில் கொடுக்கும்போது ம, நி இரண்டுக்கும் உரிய கட்டைகளைக் கழற்றி வைத்துவிடுவது அந்த முறையில் வழக்கம். மிச்சமிருப்பதில் குழந்தை எதைத் தட்டினாலும் தப்பாகாது. அங்கே ஒரு குழந்தை தட்டுவதும் இங்கே நம் பிள்ளை வழிபாட்டில் பாடுவதும் ஒரே ஐந்து சுரங்கள்! இதை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை.

உங்கள் வீட்டில் கீபோர்டு இருந்தால், இல்லாவிட்டால் கைப்பேசியில் ஒரு கீபோர்டு செயலி இருந்தால், இதை இப்போதே செய்து பாருங்கள். கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கிற இடத்தில் முதல் கட்டையை ச-வாக வைத்துக்கொண்டு மேலே போங்கள். மூன்று, பிறகு இரண்டு. ச, ரி, க, ப, த. மோகனம் வந்துவிட்டது! இசை தெரியாத பிள்ளை ஒன்றை உட்காரவைத்து, கறுப்புக் கட்டையில் உனக்குப் பிடித்தபடி வாசி என்று சொல்லுங்கள். அது வாசிப்பது பாட்டாகவே கேட்கும். எங்கள் வகுப்பில் படிப்பில் மிகவும் பின்தங்கியதாக எல்லாரும் நினைத்த ஒரு பிள்ளை, என் கைப்பேசித் திரையில் கறுப்புக் கட்டைகளைத் தடவித் தடவி ஒரு மெட்டைக் கண்டுபிடித்தது. வகுப்பே கைதட்டியது. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எந்தத் தேர்வு முடிவிலும் பார்த்ததில்லை.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. வெள்ளைக் கட்டைகளில் ச, ரி, க, ப, த வாசித்துவிட்டு, க-வை மட்டும் அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டைக்கு மாற்றி வாசித்தேன். மற்ற நான்கும் அப்படியே. வகுப்பு சட்டென்று அமைதியாகிவிட்டது. "டீச்சர், யாரோ அழுவுற மாதிரி இருக்கு" என்றான் முன்வரிசைப் பையன். ராகத்தின் பெயர் சிவரஞ்சனி. ஒரே ஒரு சுரம் அரைப்படி இறங்கியதும் சிரித்துக்கொண்டிருந்த ராகம் கலங்கிவிட்டது. அதைப் பதினொரு வயதுப் பிள்ளைகள் காதாலேயே பிடித்துவிட்டார்கள்! உற்சாகமான இசை எது என்று தேடுகிற ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. உற்சாகம் வேகத்திலோ சத்தத்திலோ இல்லை, சுரத்தின் சேர்க்கையிலேயே இருக்கிறது. மெதுவாக வாசித்த மோகனம் மனத்தைத் தூக்கிவிடும். விரைந்து ஓடுகிற சோக ராகம் எவ்வளவு தாளம் போட்டாலும் உள்ளே ஒரு பாரத்தை வைத்துவிட்டுத்தான் போகும்.

காலைக்கு மோகனம் என்றால் மதியத்துக்கு ஹம்சத்வனி. சத்துணவு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிள்ளைகளின் இமை கனக்கிற அந்தப் பொழுதுக்கென்றே யாரோ செய்துவைத்தது போன்ற ராகம் அது. செய்தது யார் என்றும் தெரியும்: முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர். இதிலும் ஐந்து சுரங்கள்தான். மோகனத்தின் த-வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நி வந்து உட்காருகிறது. அந்த நி மேல் ச-வின் தோளை ஒட்டி நின்றுகொண்டு, வா, மேலே வா என்று அழைத்துக்கொண்டேயிருக்கும். முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' இந்த ராகத்தில்தான் அமைந்தது. கச்சேரியைக் களைகட்ட வைக்க வித்வான்கள் தொடக்கத்திலேயே ஹம்சத்வனியை எடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அரங்கத்தில் ஆயிரம் பேரை நிமிர்ந்து உட்கார வைக்கிற ராகம் நாற்பது பிள்ளைகளை எழுப்பாதா?

எங்கள் மதிய நாயகர் மாண்டலின் சீனிவாஸ். சிறுவனாகவே கச்சேரி மேடை ஏறியவர் என்று சொன்னபோது பிள்ளைகளின் கண்கள் விரிந்தன. "எங்க வயசா டீச்சர்?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்சார மாண்டலினின் அந்தப் பளீர் ஒலி அவர்களுக்கு கிட்டார் போலவே கேட்கிறது. கர்நாடக இசை என்றால் நமக்கில்லை என்ற தயக்கமே அவர்களுக்கு வரவில்லை. பெயரும் வகையும் தெரியாமல் கேட்கிற காதுக்கு வேலியே கிடையாது. 2014-இல் 45 வயதிலேயே அவர் போய்விட்டார் என்று சொன்ன நாளில் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். நான் சொல்லவில்லை.

ஹம்சத்வனியும் எழுப்பாத நாள் என்றால், மழைக்கு முந்தைய புழுக்கத்தில் மின்விசிறியும் நின்றுபோன நாள் என்றால், கடைசி மருந்து ஒன்று கைவசம் இருக்கிறது: மதுரை மணி ஐயரின் இங்கிலீஷ் நோட்டு! ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ஆக்கிய அந்த மெட்டை ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்தவர் மணி ஐயர். ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக் குழு அணிவகுத்து வருவது போன்ற துள்ளல். வரிகளே கிடையாது, சுரங்கள்தான் பாட்டு. அந்தச் சுரங்களில் அவர் ஓடத் தொடங்கியதும் பிள்ளைகளின் பாதங்கள் பெஞ்சுக்குக் கீழே தானாகத் தாளம் போடத் தொடங்கிவிடும். இதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பெரியவர்களும் அப்படித்தான், ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் வாசலில் நின்று முழுதும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அதைக் கேட்ட பிள்ளைகளுக்கு முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை அறிமுகப்படுத்துவது எளிது. வெள்ளைக்காரரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தாரே, அந்தச் சின்னஞ்சிறு பாடல்கள். 'சந்ததம் பாஹிமாம்' என்ற ஒன்று பிரிட்டனின் தேசிய கீத மெட்டிலேயே அமைந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் நம் மண்ணில் ஒரு மேதை, வேற்று நாட்டு இசை என்று முகம் திருப்பாமல், இதிலும் நல்லது இருக்கிறதே என்று எடுத்துக்கொண்ட கதையைச் சமூக அறிவியல் பாடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வருகிற இடத்தில் சொல்லிப் பாருங்கள். மெட்டோடு சொன்ன வரலாறு பிள்ளைகளுக்கு மறப்பதேயில்லை.

எழுதுகிற நேரமும் வாசிக்கிற நேரமும் வேறு. இங்கே என் விதி ஒன்றே ஒன்று: சொல் உள்ள பாட்டு கூடவே கூடாது. பிள்ளை கண்ணால் ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது காதில் இன்னொரு வாக்கியம் விழுந்தால் இரண்டும் மனத்தில் ஒரே வாசலில் நெரிக்கும். எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. தாளம் திமிறாத, திடீரென்று உரக்க எழாத வாத்திய இசைதான் இதற்குப் பொருந்தும். சிட்டிபாபுவின் வீணையை இதற்குத்தான் வைத்திருக்கிறேன். வீணையில் குயிலைக் கூவவைத்தவர் அவர்; அந்தத் துண்டை மட்டும் ஓவிய நேரத்துக்கு ஒதுக்கிவிட்டேன், ஏனென்றால் குயில் கூவியதும் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள்! இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இன்னொரு பொக்கிஷம். 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசை மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பாடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் கட்டுரை எழுதுவதைப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. சினிமாவுக்கு இசையமைத்தவர் என்று மட்டும் அவரைத் தெரிந்திருந்த பிள்ளைகள், "இதுவும் அவரா டீச்சர்?" என்று வியந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இசை கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்று சொல்லிக் குறுந்தகடு விற்றவர்கள் உண்டு. அதற்கு மூலம் 1993-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. மொசார்ட்டின் இரு பியானோ சொனாட்டா ஒன்றைக் கேட்ட கல்லூரி மாணவர்கள், கேட்டதும் செய்த ஒரு வகைப் பயிற்சியில் சற்று மேம்பட்டார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிட்டது. குழந்தைகளைப் பற்றிய ஆய்வே அல்ல அது. பின்னால் வந்தவர்கள், பிடித்த இசை மனத்தைக் கிளர்த்தியதால் வந்த பலன் அது, மொசார்ட்டுக்கென்று தனி மந்திரம் இல்லை என்று காட்டினார்கள். எனக்கு இது ஏமாற்றமாகவே இல்லை. எவ்வளவு நல்ல செய்தி என்றுதான் தோன்றியது. மொசார்ட்டும் வேண்டாம், விலை கொடுத்து வாங்குகிற மந்திரமும் வேண்டாம். பிள்ளைக்குப் பிடித்த நல்ல இசை போதும். மனம் மலர்ந்த பிள்ளை அடுத்த பத்து நிமிடம் நன்றாகப் படிக்கும். ஓர் ஆசிரியைக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிய வரம்!

சினிமாப் பாட்டு போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், பாடுகிற நேரத்தில். பிள்ளைகளின் உலகத்தில் இருக்கிற இசையை வாசலில் நிறுத்தினால் நம் இசையை அவர்கள் ஏன் உள்ளே விட வேண்டும்? ஆனால் தேர்வு என்னுடையது. முதலில் வீட்டில் கடைசி வரிவரை கேட்டுவிடுவேன். இந்தப் பாட்டை இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் முன்னால் நான் வாய்விட்டுப் பாடுவேனா? பாடுவேன் என்றால் வகுப்புக்கு வரும். சாதிப் பெருமை பேசுகிற பாட்டு எவ்வளவு நல்ல தாளத்தில் இருந்தாலும் எங்கள் கதவைத் தாண்டாது. அரிவாள், மீசை, பரம்பரை என்று தொடங்குகிற எதையும் நான் தொடுவதில்லை. ஒரு நடிகரைப் புகழ்ந்து அவர் ரசிகர்களுக்காகவே எழுதப்பட்ட பாட்டும் வேண்டாம், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். சாமிப் பாட்டுகளைப் பாடாமல் வாத்தியத்தில் மட்டும் வைப்பதும் இதனால்தான். எங்கள் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழலுக்கும் வீணைக்கும் எல்லாரும் பிள்ளைகளே.

அப்படிச் சலித்து எடுத்ததில் எங்கள் வகுப்பின் தலைமைப் பாட்டு, 'ஆட்டோகிராஃப்' படத்தில் பரத்வாஜ் இசையில் சித்ரா பாடியது. பா. விஜய் எழுதிய அந்தப் பாட்டு அவருக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு விருதுக் கணக்கெல்லாம் தெரியாது. தேர்வுக்கு முந்தைய நாள் அவர்களாகவே கேட்டு வாங்கிப் பாடுகிறார்கள். சுருதி அங்கங்கே விலகும். பாடுகிற நெஞ்சு மட்டும் விலகாது. காலாண்டுத் தேர்வுக்குப் பயந்து இரண்டு நாளாக வராமலிருந்த சிறுமி ஒருத்தி நடுவில் நின்று முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

'அக்னி நட்சத்திர'த்தில் சித்ரா பாடிய மோகன வர்ணப் பாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். 'நின்னுக்கோரி' என்பது பூச்சி சீனிவாச ஐயங்காரின் வர்ணம். இளையராஜா 1988-இல் அதையே தொடக்கமாக வைத்து ஒரு காதல் பாட்டு அமைத்தார். ஆறாம் வகுப்புக்குக் காதல் பாட்டு வேண்டாம். அதனால் வயலினில் வாசித்த மூல வர்ணத்தைப் போட்டேன். அன்று மாலை பிள்ளைகள் வீட்டில் பாடிக் காட்ட, மறுநாள் ஓர் அம்மா பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நாங்க சின்ன வயசுல கேட்ட பாட்டாச்சே டீச்சர்!" என்றார். எத்தனை தலைமுறையை ஒரு ராகம் கோத்துவிடுகிறது பாருங்கள்.

இப்போது கணக்குப் பாடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் எப்போதும் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்! மிருதங்கக்காரர்கள் சொல்லுகிற சொற்கட்டு இருக்கிறதே, அது முழுக்க முழுக்க எண்கள். தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நான்கு. தகதகிட ஐந்து. தகிடதகதிமி ஏழு. தகதிமிதகதகிட ஒன்பது. திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்று ஐந்து ஜாதிகளுக்கும் பெயர் இருக்கிறது. மீச்சிறு பொது மடங்கு நடத்துகிற நாளில் வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஜன்னல் பக்கத்தார் தகிட, சுவர்ப் பக்கத்தார் தகதிமி. ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சேர்ந்து தொடங்க வேண்டும். முதல் தட்டு சேர்ந்து விழுந்தது. பிறகு பிரிந்தது, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. திடீரென்று மறுபடியும் எல்லாக் கையும் சேர்ந்து டமால் என்று ஒரே தட்டு! பிள்ளைகள் கூச்சலிட்டுவிட்டார்கள். இடையில் எத்தனை எழுத்து என்று எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு. மூன்றுக்கும் நான்குக்கும் மீ.சி.ம. பன்னிரண்டு என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றையும் ஐந்தையும் போடலாம் டீச்சர், நாலையும் ஆறையும் போடலாம் டீச்சர் என்று அவர்களே கேட்டு, மணி அடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தவிலைப் போட்ட வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் முடியாது. நாகசுரமும் தவிலும் கலியாண வீட்டுக்கு மட்டும் உரியவை என்று ஏன் ஒதுக்க வேண்டும்? காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை ஒலிக்கவிட்டேன். 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு வாசித்தாரே, அவரேதான். தவில் தனியாக முழங்கத் தொடங்கியபோது, வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்வதைத் தவிர வாய் திறக்காத ஒரு பையன் எழுந்துவிட்டான். அவன் தாத்தா தவில் வாசிக்கிறவராம். வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள், இடப்பக்கத்துக்குப் பூவரசங் கழி, தோள் எலும்பே அதிரும், தாத்தாவுக்கு விரலெல்லாம் காய்ப்புக் காய்ச்சியிருக்கும் என்று அவன் பேசிக்கொண்டே போனான். தன் மேசையில் அடித்துக் காட்டினான். எங்களுக்கு யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளைக்கு இசை தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவனுடையது. பறையும் நையாண்டி மேளமும் கொண்டுவந்தான், ஒயிலாட்டப் பாட்டு கொண்டுவந்தான். அவன் தேர்வு ஒவ்வொன்றும் தங்கம்.

மேற்கத்திய இசையில் எங்கள் வகுப்பு முழுமனதாக ஏற்றுக்கொண்டது சான்-சான்ஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'விலங்குகளின் திருவிழா'. 1886-இல் எழுதியது. யானைக்கு டபுள் பாஸ் என்கிற ஆளுயர வயலின், அன்னத்துக்குச் செல்லோ. ஆமைக்கு அவர் செய்திருப்பதுதான் உச்சம். ஓஃபன்பாக்கின் புகழ்பெற்ற வேக நடன மெட்டை எடுத்து, நகரவே நகராத வேகத்துக்கு இறக்கி ஆமை நடக்க வைத்திருக்கிறார். முதலில் வேகமான மூல மெட்டைப் போடுங்கள். பிள்ளைகள் குதிப்பார்கள். பிறகு ஆமையைப் போடுங்கள். புரிந்த நொடியில் வகுப்பு சிரிப்பதைக் கேளுங்கள். இசையில் ஒரு நகைச்சுவையைத் தாங்களே கண்டுபிடித்த சிரிப்பு அது!

செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். ஸ்பீக்கரை முன்பெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வகுப்பின் பின்பக்கம் உயரத்தில் வையுங்கள். நீங்கள் சாதாரணக் குரலில் பேசினால் கடைசிப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும், அதுவே ஒலியின் எல்லை. இணையத்திலிருந்து நேரடியாகப் போடாமல் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீணைக்கு நடுவே விளம்பரம் அலறினால் அவ்வளவு நேரம் சேர்த்த அமைதியும் போய்விடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒலி தாங்காத பிள்ளை இருக்கும். காதைப் பொத்துகிற பிள்ளையைக் கவனித்து, அதற்கு ஏற்ப இடத்தையும் ஒலியையும் மாற்றுங்கள். நாள் முழுவதும் ஓட விடவே விடாதீர்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பிறகு நிறுத்தம். ஓயாமல் ஒலிக்கிற இசை மின்விசிறிச் சத்தமாகிவிடும். யாரும் கேட்க மாட்டார்கள்.

மாலை மணிக்கு முன்னால் பையைக் கட்டுகிற நேரத்துக்கு எங்களிடம் மத்தியமாவதி இருக்கிறது. கச்சேரிகளை நிறைவு செய்கிற ராகம் என்பதற்காகத்தான் முதலில் எடுத்தேன். பிறகுதான் அந்த அற்புதம் தெரிந்தது: மோகனத்தின் ரி-யை ச-வாக வைத்துக்கொண்டு அதே ஐந்து சுரங்களைப் பாடினால் வருவது மத்தியமாவதி! காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தில் பாடிய அதே சுரங்கள், நிற்கிற இடம் மட்டும் மாறி, மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு வழியனுப்புகின்றன. கறுப்புக் கட்டைகளில் இதை வாசித்துக் காட்டியபோது பிள்ளைகளுக்கு நம்பிக்கையே வரவில்லை. எனக்கும் இன்றுவரை அந்த வியப்பு அடங்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் கைப்பேசி இருக்கிறது, சின்ன ஸ்பீக்கருக்கு ஆகிற செலவும் பெரிதில்லை. வரும் திங்கட்கிழமை வருகைப் பதிவு நேரத்தில் குழலில் ஒரு மோகனம் போடுங்கள். மதியம் ஒரு ஹம்சத்வனி. ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். அடுத்த திங்கட்கிழமை நீங்கள் வேண்டுமென்றே போடாமல் இருந்து பாருங்கள், பிள்ளைகளே கேட்பார்கள்.